அரோகோத் யாருக்காக?

சாங்கிய காரிகையில் ஈசுவரகிருஷ்ணர், உலகின் மூலப்பொருளான பிரகிருதியை நடனமாதுக்கு ஒப்பிடுகிறார். அரங்கில் இருப்பவர் பார்க்க அவள் ஆடுகிறாள். பார்த்தாயிற்று என்றதும் ஆட்டத்தை நிறுத்தி விலகிக்கொள்கிறாள். உலகம் என்று நாம் சொல்வதெல்லாம் புருஷன் என்ற பார்வையாளனை முன்னிட்டே நடக்கிறது என்பது இதன் கருத்து. கடவுளைத் துணைக்கு அழைக்காத தரிசனம் இது. கடவுளை நடுவில் வைத்த தரிசனங்களும் இந்த ஓர் இடத்தில் அதனோடு சேர்ந்தே நிற்கின்றன. மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தனு (உடல்), கரணம் (கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்ற நான்கையும் இறைவன் தோற்றுவிப்பது, உயிர்கள் வினையை நுகர்ந்து கழித்து வீடுபெறத்தான் என்கிறது சைவ சித்தாந்தம். படைப்பு இறைவனின் விளையாட்டு என்ற பேச்சு வரும்போதுகூட, உயிர்களை இடரிலிருந்து கரையேற்றும் அருளே அதன் காரணம் என்று சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் விளக்கம் தருகிறார். உலகம் இருப்பது யாரோ ஒருவர் காணவும் துய்க்கவும் என்ற எண்ணம், இப்படி ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்ட மதங்களுக்குள்ளும் பொதுச் சொத்தாக இருந்து வந்திருக்கிறது. இந்த எண்ணம் தவறு என்பது என் வாதம். ஒரு பொருள் முழுமையாக இருப்பதற்குப் பார்ப்பவரும் தேவையில்லை, பயனும் தேவையில்லை. இதற்குச் சான்றாக நான் காட்டப்போவது சூரியக் குடும்பத்தின் வெளிவிளிம்பில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பனிப்பாறையை.

அதன் பெயர் அரோகோத். 2014 ஜூனில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில், நகரும் ஒரு மங்கல் புள்ளியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நெப்டியூனுக்கு அப்பால் உள்ள கைப்பர் பட்டையில், சூரியனிலிருந்து ஏறத்தாழ 650 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நீளவாக்கில் அளந்தால் சுமார் 36 கிலோமீட்டர். ஒரு மாநகரத்துக்குள் அடங்கிவிடும். நமக்குக் கிடைக்கும் சூரிய ஒளியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒரு பங்குதான் அதன் மேல் விழுகிறது. வெப்பநிலை மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 16 மணி நேரம், சூரியனை ஒரு முறை சுற்றக் கிட்டத்தட்ட 300 ஆண்டுகள். அது உருவாகி 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. கணக்குப் போட்டால் இதுவரை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி முறை சூரியனை வலம்வந்திருக்கும். மனித இனம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், அதில் கடைசி ஆயிரம் சுற்றுகள் மட்டுமே மனிதர் இருக்கையில் நடந்தவை. அந்த ஆயிரத்திலும் எந்த மனிதக் கண்ணும் அதைக் கண்டதில்லை. கடைசிச் சுற்றில், 2019 ஜனவரி 1 அன்று, நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் நொடிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் அதை 3,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றபோது படமெடுத்தது. அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த பார்வையாளர் கூட்டம்.

இந்த ஒரு சந்திப்புக்கு மனிதர் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விண்கலம் போய்ச் சேருமுன் அந்தப் பாறையின் அளவும் வடிவமும் ஓரளவு தெரிந்தாக வேண்டும். தொலைநோக்கியில் புள்ளிக்கு மேல் எதுவும் தெரியாது. ஆகவே அது ஏதாவது ஒரு விண்மீனை மறைக்கும் கணத்துக்குக் காத்திருந்தார்கள். 2017 ஜூலை 17 அன்று அதன் நிழல் அர்ஜென்டினாவின் சுபுத் மாகாணத்தைக் கடந்தது. இருபத்துநான்கு தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். வெளிச்சம் இடைஞ்சல் செய்யக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தெருவிளக்குகளை அணைத்தார்கள். கார் முகப்பு விளக்குகள் படாமலிருக்க தேசிய நெடுஞ்சாலையையே இரண்டு மணி நேரம் மூடினார்கள். படகோனியக் காற்று தொலைநோக்கிகளை ஆட்டாமலிருக்க லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறைப்புக் கட்டினார்கள். விண்மீன் ஒரு நொடி அளவுக்கு மறைந்தது. ஐந்து தொலைநோக்கிகள் அதைப் பிடித்தன. அந்த ஐந்து கோடுகளை வைத்துத்தான், இது ஒற்றை உருண்டையல்ல, ஒட்டிக்கொண்ட இரண்டு துண்டுகளாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். பார்ப்பதற்கு மனிதர் காட்டிய இந்த ஆர்வத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பிரயாசை முழுவதும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. நமக்குத் தென்பட வேண்டும் என்ற ஏற்பாடு எதுவும் அந்தப் பாறையின் பக்கத்தில் இல்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். தாமதமானாலும் 2019இல் பார்த்தாயிற்றே, அந்தப் பார்வையால் அறிவு விளைந்ததே, நடனமாதின் ஆட்டம் கடைசியில் வீண்போகவில்லையே என்று கேட்கலாம். விளைந்த அறிவு எத்தகையது என்று பார்ப்போம். கோள்கள் எப்படிப் பிறந்தன என்பதில் நெடுநாள் வழக்கு ஒன்று இருந்தது. சிறு பாறைகள் வேகமாக மோதி, உடைந்து, ஒட்டி, படிப்படியாகப் பெரிதாயின என்பது ஒரு கட்சி. வாயுவும் தூசியும் நிறைந்த தட்டில் கூழாங்கற்களின் மேகங்கள் திரண்டு, தம் ஈர்ப்பாலேயே சரிந்து, நேரடியாகச் சில கிலோமீட்டர் அளவுப் பாறைகளாயின என்பது இன்னொரு கட்சி. அரோகோத்தின் படங்கள் இரண்டாம் கட்சிக்கு வலுவான சான்று ஆயின. அதன் இரண்டு துண்டுகளும் ஒரே செந்நிறம். மெத்தனால் பனியும் சிக்கலான கரிமச் சேர்மங்களும் இரண்டிலும் ஒன்றுபோல் படிந்திருக்கின்றன. ஒரே மேகத்தில் பிறந்தவை என்பதற்கு அடையாளம் இது. பெரிய துண்டு அடை போலத் தட்டை, சின்னது அதைவிடச் சற்று உருண்டை. இரண்டின் தட்டை முகங்களும் ஏறத்தாழ ஒரே வாக்கில் அமைந்திருப்பதால், ஒட்டுமுன் ஒன்றையொன்று நெடுங்காலம் நிதானமாகச் சுற்றியிருக்க வேண்டும் என்று தெரிகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இரண்டும் சேரும் கழுத்து. அங்கே நசுங்கலோ பிளவோ காணவில்லை, வெளிறிய ஒரு வளையம் மட்டும் தெரிகிறது. மனிதர் நடக்கும் வேகத்தை ஒட்டிய வேகத்தில்தான் அவை வந்து தொட்டிருக்க முடியும். வேகமாக மோதியிருந்தால் அந்தக் கழுத்து இப்படி இருக்காது.

இந்தச் சான்றை நாம் நம்புவது எதனால் என்பதில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. அரோகோத்தின் வாக்குமூலம் செல்லுபடியாவது, அது யாருக்கும் காட்டுவதற்காக ஒழுங்குசெய்து வைக்கப்படாத பொருள் என்பதால். அதன் பாதை கிட்டத்தட்ட வட்டம். நெப்டியூன் அதைக் கலைக்கவில்லை. சூரியனுக்கு அருகே வந்து உருகவில்லை. பெரும் மோதல்களும் அதிகமில்லை, மேற்பரப்பில் பள்ளங்கள் குறைவு. யாரும் தொடாமல் விட்டதால் தன் பிறப்பை அப்படியே வைத்திருக்கிறது. நமக்குப் பாடம் நடத்துவதற்காகவே அது உண்டாக்கப்பட்டிருந்தால் 400 கோடி ஆண்டு வரலாறு எதற்கு? 2014இல் ஹபிள் படமெடுப்பதற்குச் சற்று முன், அந்தக் கழுத்தோடும் பள்ளங்களோடும் சேர்த்துச் செய்து வைத்திருந்தாலே பாடம் நடந்திருக்கும். இப்படி ஒரு நிலைப்பாட்டை 1857இல் இங்கிலாந்தில் பிலிப் காஸ் என்ற இயற்கையியலாளர் உண்மையிலேயே முன்வைத்தார். நடக்காத கடந்தகாலத்தின் தடயங்களோடுதான் கடவுள் உலகைப் படைத்தார், புதைபடிவங்களும் அப்படி வைக்கப்பட்டவையே என்றார். ஆழ்ந்த பக்தர் அவர், தேர்ந்த ஆய்வாளரும்கூட. ஆனால் பக்தர்களே அவர் நூலை ஏற்கவில்லை. பாறைகளில் கடவுள் பொய்யை எழுதி வைத்தார் என்று ஆகிவிடுமே என்று அவருடைய நண்பரும் பாதிரியாருமான சார்லஸ் கிங்ஸ்லி வருந்தினார். அந்த வருத்தம் மிகச் சரியானது. நாம் பார்ப்பதற்காகவே பொருள் இருக்கிறது என்றால் நாம் பாராத காலம் அதற்கு வெறும் வேஷம். அந்தக் காலம் மெய் என்றால் பொருள் நமக்காக இல்லை. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழியில்லை. மேலும், கைப்பர் பட்டையில் இத்தகைய பொருள்கள் லட்சக்கணக்கில் இருக்கும் என்று கணிக்கிறார்கள். புளூட்டோவையும் அதன் துணைக்கோள்களையும் தவிர்த்தால், விண்கலம் கிட்டே போய்ப் பார்த்தது அரோகோத் ஒன்றை மட்டுமே. மற்றவற்றுக்கு எந்த 2019உம் வரவில்லை.

பார்வையால் பயன் இல்லாவிட்டால் போகட்டும், பொருளாலாவது பயன் உண்டே என்று இன்னொரு வழியில் சொல்லிப் பார்க்கலாம். அந்தத் தொலைதூரப் பனிதான் வால்மீன்களாக வந்து பூமிக்குக் கடல்களைத் தந்தது என்ற கதை பலருக்கும் பிடித்தமானது. அதுவும் உறுதிப்பட்டதல்ல. 2014இல் ரொசெட்டா விண்கலம் 67பி வால்மீனின் நீராவியை அளந்தபோது, அதில் கனநீரின் விகிதம் பூமிக் கடல்களில் உள்ளதைப்போல் மூன்று மடங்காக இருந்தது. நம் கடல்நீரின் பெரும்பங்கு அந்த வகை வால்மீன்களிலிருந்து வந்திருக்கும் என்று அதன்பின் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்படியானாலும் அரோகோத் பிறந்த இடத்தைவிட்டு நகராத கூட்டத்தைச் சேர்ந்தது. யாருக்கும் அது எதுவும் கொடுக்கவில்லை.

தத்துவவாதிகளின் மறுப்பு இதைவிட நுட்பமானது. பார்ப்பவரே இல்லாதபோது அங்கே பொருள் இருந்தது என்று நீ எப்படிச் சொல்கிறாய், இருந்தது என்ற சொல்லே ஒரு மனம் சொல்வதுதானே என்பார்கள். 1930 ஜூலை 14 அன்று பெர்லினுக்கு அருகில் உள்ள காபுத் கிராமத்தில், ஐன்ஸ்டைனின் வீட்டில் தாகூர் அவரோடு பேசிய பேச்சின் மையம் இதுதான். உண்மை என்பது மனிதரோடு சேர்ந்தே உண்மை என்றார் தாகூர். இந்த வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும் மேசை அதன் இடத்தில்தானே இருக்கும் என்று ஐன்ஸ்டைன் கேட்டார். தனி மனத்துக்கு வெளியே இருக்கலாம், பொது மனத்துக்கு வெளியே இல்லை என்பது தாகூரின் பதில். மேசையை வைத்து வாதாடினால் தாகூருக்குச் சாதகம்தான், ஏனென்றால் மேசை மனிதர் செய்தது, மனிதருக்கென்றே செய்தது. அரோகோத்தை வைத்து வாதாடினால் நிலைமை வேறு. தாகூர் சொன்ன பொது மனம் மனித மனம். அந்த மனம் தோன்றுவதற்கு நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு பனித்துண்டுகள் மெல்லத் தொட்டு ஒட்டின. அந்தத் தொடுதல் எந்த மனிதருக்கும் நிகழவில்லை, ஆனால் நிகழ்ந்தது. அதை நாம் இன்று அறிகிறோம் என்பது உண்மை. அறிவதால் அது நிகழ்ந்தது என்று ஆகாது.

பக்தர் இங்கே குறுக்கிட்டு, மனிதர் பார்க்காவிட்டால் என்ன, இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்பார். பதினெட்டாம் நூற்றாண்டில் பிஷப் பார்க்லி சொன்ன விடையும் இதுவே. இதை நான் மறுக்க முற்படவில்லை. இதை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்கிறேன். இறைவனுக்குக் குறை எதுவும் இல்லை, தேவை எதுவும் இல்லை என்பதில் எல்லா ஆத்திகரும் ஒன்றுபடுவர். தேவையில்லாதவன் பார்ப்பதால் பார்க்கப்படும் பொருளுக்குப் பயன் உண்டாவதில்லை. ஆக, இறைவன் 400 கோடி ஆண்டுகளாக அரோகோத்தைப் பார்க்கிறான் என்றால், எந்தப் பயனுமின்றிப் பார்க்கத் தகுந்த பொருளாக அது இருக்கிறது என்று அர்த்தம். என் கட்சியை இது வலுப்படுத்துகிறது. விவிலியத்தில் யோபுவுக்குக் கடவுள் தரும் பதிலும் இந்தத் திசையில்தான் போகிறது. மனிதர் குடியிராத பாழ்நிலத்தில் மழை பெய்விப்பது யார் என்று அங்கே கடவுள் கேட்கிறார். துன்பத்தில் நியாயம் கேட்ட ஒருவனிடம், அவனுக்குச் சம்பந்தமே இல்லாத மழையைப் பற்றிப் பேசுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இதையே கொள்கையாக வகுத்தார்: எல்லாம் மனிதனுக்காக என்று நம்பாதே, ஒவ்வொன்றும் தன் பொருட்டே இருக்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வந்து சேர்ந்த முடிவு இது.

சமணர் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவதும் அதுவே. மண்ணையும் நீரையும் உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு என்பது அவர்கள் கோட்பாடு. பனியும் நீருடல் உயிர்களின் கணக்கில் வரும். அப்படியானால் அரோகோத் ஒருபோதும் உணர்வார் இல்லாமல் கிடக்கவில்லை, தொடு உணர்ச்சி மட்டுமே உள்ள உயிர்கள் அந்தப் பனிக்குள்ளேயே இருக்கலாம். இதைச் சோதித்து அறிய வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இதுவும் உலகம் நமக்காக என்ற கொள்கைக்கு உதவாது. அந்தப் பனி அந்த உயிரின் உடல் என்றால், அது அதன் வாழ்வு. நமக்கு வைத்த காட்சி அல்ல. தவிர, உலகம் படைக்கப்பட்டதே அல்ல, தொடக்கமற்றது என்பது சமணத்தின் நிலை. யாருக்காகப் படைத்தான் என்ற கேள்வி அங்கே எழவே எழாது. அந்த வகையில் அவர்கள் எனக்குத் துணை நிற்பவர்கள்.

சித்தாந்தியின் நிலையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் எதிர்க்கட்சி போலத் தோன்றினாலும் அவர் நூல்களுக்குள்ளேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. பதியாகிய இறைவனும் பசுவாகிய உயிரும் போல மாயையும் அநாதி என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. இறைவன் மாயையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே உள்ள மாயையிலிருந்து உயிர்களுக்கு வேண்டிய உடலையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்பொருளையும் தோற்றுவிக்கிறான். உயிருக்கு உதவியாக ஆக்கப்படுவது மாயையின் காரியம். மாயையின் இருப்பு எந்த உயிருக்கும் கடன்பட்டதல்ல. எல்லாம் நமக்காக என்று இதை வாசிப்பவர்கள், அருளின் திசையைப் பொருள்களின் எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். இறைவன் கைக்கு எட்டியதை எல்லாம் உயிரின் நன்மைக்கு ஆக்குகிறான் என்பது வேறு, உயிரின் நன்மைக்கு ஆகாதது எதுவும் இல்லை என்பது வேறு. முதலாவதைச் சொல்லச் சித்தாந்திக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அரோகோத்தில் யாரோ ஓர் உயிர் வினையை நுகர்ந்துகொண்டிருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாங்கியருக்குத்தான் சங்கடம் தீரவில்லை. அவர் பிரகிருதிக்குக் கொடுத்த வேலையே ஆடிக்காட்டுவதுதான். ஒன்றரைக் கோடி சுற்று காலி அரங்கில் ஆடினாள் என்றால், அந்த உவமை அதற்கு மேல் தாங்காது.

பயமாக வெளிப்படும் மறுப்பு ஒன்றும் உண்டு. இவ்வளவு பெரிய பரப்பு நம்மைக் கருதாமல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், நம் வாழ்வுக்கும் அர்த்தம் போய்விடாதா, எல்லாம் வெறும் ஜடம் என்று ஆகிவிடாதா என்ற பயம் அது. இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கலே எல்லையற்ற வெளிகளை நினைத்து அஞ்சினார். ஆனால் இந்தப் பயம் ஒரு முன்முடிவிலிருந்து வருகிறது: வேறொருவருக்குப் பயன்பட்டால்தான் ஒன்று இருப்பதற்கு மதிப்பு உண்டு என்ற முன்முடிவு. அதை மனிதர் மேல் வைத்துப் பார்த்தால் எவ்வளவு கொடுமையானது என்று தெரியும். பேச்சற்றுப் படுக்கையில் கிடக்கும் முதியவர், பிழைக்க வழியில்லாமல் பிறந்த சிசு, இனி யாருக்கும் எதுவும் தர முடியாதவர் எல்லாரும் அந்தக் கணக்கில் மதிப்பற்றவர்கள் ஆகிவிடுவார்கள். அவர்கள் அப்படி அல்ல என்று உறுதியாகச் சொல்லும் எவரும், பயனைச் சாராத மதிப்பு ஒன்று உண்டு என்பதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். பனிப்பாறையும் முதியவரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு வலிக்கும், மற்றதற்கு வலிக்காது. நம் கடமைகள் வலிக்கும் இடத்தில்தான் தொடங்குகின்றன. நான் சொல்வது, பயனிலிருந்து மதிப்பைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றே என்பது. வானத்தில் அதை மறுத்துவிட்டுப் படுக்கையருகில் மட்டும் காப்பாற்றுவது எளிதல்ல.

என்னைக் கருதாமல் இவ்வளவையும் வைத்திருக்கும் இறைவனிடம் எப்படி உருகி வேண்டுவது என்று பக்தர் கேட்டால், தமிழிலேயே விடை இருக்கிறது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்களின் கூட்டத்தை நூறு கோடிக்கும் மேலாகக் கணக்கிட்டு, வீட்டுக்குள் நுழையும் வெயில்கற்றையில் தெரியும் தூசுத்துகள் அளவுக்கு அவை சிறுத்துப்போகும்படி இறைவனின் பெருமையை வைக்கிறார். அவ்வளவு பெரிய பரப்பைக் காட்டிய அதே அகவல், அந்த இறைவன் தம்மை வந்து ஆட்கொண்டதையும் தம் உடம்பு முழுக்க அமுதம் நிறைந்ததையும் பாடுகிறது. பரப்பு பெரிதாகப் பெரிதாக நெருக்கம் குறையும் என்ற கணக்கு அவரிடம் இல்லை. அந்த அண்டங்கள் தமக்காகச் செய்யப்பட்டவை என்று அந்த அகவலில் அவர் உரிமை கொண்டாடவும் இல்லை.